நான்காம் தூணருகே

2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் இரண்டாம் வாரம். முன்னர் நாம் பணியாற்றிய பங்கிலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கண்ணீர் இருந்தது.

"சாமி, எம் மகனுக்குப் புத்தி கெட்டுப் போச்சு. மெட்ராஸ்ல நல்ல கம்பெனி வேலை. முப்பத்தோரு வயசாகுது. பொண்ணு பாக்கலாம்னா, இப்ப வேண்டாங்கிறான். மேடையில தனியா நின்னு சனங்களைச் சிரிக்க வைக்கப் போறானாம். அதையும் தவக்காலத்துல வந்து சொல்றான். நீங்க சொன்னா கேப்பான். ஒரு வார்த்தை சொல்லுங்க."

நீங்கள் சொன்னால் கேட்பான் என்னும் சொல்லுக்கு மயங்காத குரு உளரோ? அனுப்பி வையுங்கள் என்றோம்.

அடுத்த ஞாயிறு மாலை அவ்விளைஞன் வந்தான். சிறுவனாகப் பீடப்பணி செய்த காலத்தில் பார்த்த முகம், இப்போது தாடி. தேநீர் அருந்தியபடி, அவன் நேரடியாகவே தொடங்கினான். "அம்மா எதுக்கு அனுப்பினாங்கனு தெரியும் சாமி. வேலையை விடப் போறதில்ல. வாரத்துல ரெண்டு ராத்திரி மட்டும். ஸ்டாண்ட்-அப் காமெடினு சொல்வாங்க." சற்றுத் தயங்கிப் பின் சொன்னான்: "உண்மையைச் சொன்னா, இதை நான் உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். உங்க பிரசங்கத்துல சனங்க சிரிக்கிறதைப் பாத்துத்தான்."

நாம் உள்ளூர மகிழ்ந்தோம். அன்று அந்தச் சொல்லைப் பாராட்டென்றே கொண்டோம்.

இக்கலை நம் மண்ணுக்கு முற்றிலும் புதிதன்று என்பதை முதலில் அவனுக்கு நினைவூட்டினோம். தெருக்கூத்தில் அரசனும் அரசியும் வருமுன்னர்த் தனியே வந்து அவையோடு பேசுகிறவன் கட்டியங்காரன். நம் கத்தோலிக்க ஊர்களில் ஆடப்பெற்ற வாசகப்பா நாடகங்களிலும் கோமாளிக்கு இடமுண்டு. நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் திரைக்கு வருமுன் வில்லுப்பாட்டிலும் நாடக மேடையிலும் பழகியவர். 2005-இல் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய 'கலக்கப் போவது யாரு' நிகழ்ச்சியை நம் இல்லங்களில் அறியாதார் இலர். ஆனால் அவன் நாடிய மேடை இவற்றினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. அதில் வேடமில்லை, துணைக்கு நடிகரில்லை, பிறர் குரலைப் போலச் செய்து காட்டும் வேலையும் கட்டாயமில்லை. ஒலிவாங்கி ஒன்று, தன் பெயரில், தன் வாழ்வைத் தானே பேசும் ஒருவன். அவ்வளவே.

எவ்வாறு தொடங்குவார்கள் என்று வினவினோம். அவன் சொன்னவை நமக்கு மிகுந்த வியப்பளித்தன.

புதியவர்களுக்கென்றே 'ஓபன் மைக்' எனப்படும் திறந்த மேடைகள் உள்ளனவாம். காப்பிக் கடையின் மாடியிலோ சிறு அரங்கிலோ, முன்னரே பெயர் கொடுத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக ஏறுவர். ஊதியம் இல்லை. ஒவ்வொருவருக்கும் நான்கு அல்லது ஐந்து நிமிடம். நேரம் முடியப் போகிறது என்பதற்கு அடையாளமாக அறையின் பின்புறத்திலிருந்து ஒரு விளக்கைக் காட்டுவார்கள். அதைக் கண்டும் இறங்காதவனுக்கு மறுமுறை இடம் கிடைப்பது அரிது. அந்த ஐந்து நிமிடத்திற்குரியதை எழுத அவனுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. எழுதியதைப் பேசி, கைப்பேசியில் பதிந்து, மறுநாட் காலையில் தானே கேட்க வேண்டும். "அதுதான் சாமி நரகம்" என்றான். சிரிப்பு வந்த இடத்தில் குறியிட்டு, வராத இடத்தில் சொற்களை வெட்டி, மீண்டும் அதே ஐந்து நிமிடத்தை வேறு மேடையில் வேறு மனிதர் முன் பேசிப் பார்க்க வேண்டும். இருபது முறை, முப்பது முறை.

நாம் ஒரு மறையுரையை ஒருமுறைதான் நிகழ்த்துகிறோம். அதைக் கேட்டு வெட்டியதும் இல்லை. ஆண்டவர் நம்மை மன்னிப்பாராக.

மற்றொரு நுட்பமும் சொன்னான். நகைப்பூட்டும் சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்க வேண்டுமாம். அது முன்னரே வந்துவிட்டால், பின்னால் வரும் சொற்கள் சிரிப்பின் தலையில் விழுந்து அதை அமுக்கிவிடும். தமிழுக்கோ வினைமுற்றில் முடிவது இயல்பு. ஆகவே வாக்கியத்தை வளைக்க வேண்டியிருக்கிறது. "சாமியாரோட சைக்கிளைத் திருடினவன் சாமியார்கிட்டயே பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தான்" என்றால் யாரும் சிரியார். அவன் எழுந்து நின்று அதையே வேறு விதமாகச் சொல்லிக் காட்டினான்: "ஒருத்தன் வந்து முழங்கால்ல நின்னான். 'திருடிட்டேன் சாமி.' 'பயப்படாம சொல்லு, எதைத் திருடுன?' 'வெளிய போய்ப் பாருங்க சாமி. இல்லாதது எதுவோ, அது.'" நாம் வாய்விட்டுச் சிரித்தோம். தாய்க்குக் கொடுத்த வாக்கு அந்தச் சிரிப்போடு போயிற்று.

அவன் சென்றபின், இத்தொழிலை ஒரு குருவானவர் ஊக்குவிக்கலாமா என்னும் ஐயம் எழுந்தது. குருமடத்தில் படித்த ஏடுகளைப் புரட்டினோம். அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் நான்காம் பகுதியில் மூவரைக் காட்டுகிறார்: எப்பாடுபட்டேனும் சிரிக்க வைத்தே தீருவேன் என்று பிறர் நோவதையும் பாராதவன் ஒருவன், தானும் நகையாது நகுவாரையும் பொறுக்காத மரமனிதன் ஒருவன், இவ்விருவர்க்கும் நடுவே, எதை எவரிடம் எவ்வளவு சொல்லலாம் என்றறிந்த நயமுடையோன் ஒருவன். தூய தோமா அக்குவினார் இதையே ஏற்று, விளையாட்டிலும் நகைச்சுவையிலும் அளவறிந்து நடப்பதை ஒரு நற்பண்பாகவே வைத்தார். உழைத்த உடலுக்கு உறக்கம் போல, உழைத்த மனத்துக்கு மகிழ்ச்சி ஓய்வென்பது அவர் கருத்து. நடிப்போர் தொழில் தன்னளவில் பாவமன்று என்றும் உரைத்தார். நம் தமிழ் மண்ணிலோ, 'பரமார்த்த குருவின் கதை' எழுதிச் சிரிக்க வைத்தவர் இயேசு சபைக் குருவாகிய வீரமாமுனிவர் (1680–1747). மடமை மிகுந்த குருவையும் அவர்தம் ஐந்து சீடரையும் படைத்தவர் தாமே ஒரு குரு என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் எள்ளுதற்குத் தேர்ந்துகொண்டது தம் இனத்தையே.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. 12-ஆம் நாள், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், மக்கள் உறங்கிவிடுவர் என்று திருத்தந்தை பிரான்சிஸ் குருக்களுக்கு அறிவுறுத்தினார். இரண்டே நாள் கழித்து, 14-ஆம் நாள், உலகின் பல நாடுகளிலிருந்து வந்த நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞரை வத்திக்கானில் வரவேற்று வாழ்த்தினார். 2025 ஏப்ரல் 21-இல் இறைவனடி சேர்ந்த அப்பெருமகனார் இவ்விரண்டையும் ஒரே வாரத்தில் செய்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் குருக்களாகிய நாம் யாரிடம் பாடம் கேட்க வேண்டும் என்பதற்கு அது குறிப்பாகவே தோன்றியது.

அதற்கடுத்த மாதம், ஜூலை 18-ஆம் நாள், அமெரிக்க நகைச்சுவையாளர் பாப் நியூஹார்ட் தம் 94-ஆம் வயதில் காலமானார். அவரைப் பற்றி நம் இளைஞன்தான் எழுதியனுப்பினான். தொடங்குவோர்க்கு அவர் வரலாறு ஒரு பாடம். சிக்காகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில் 1929-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இயேசு சபையாரின் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்று, கணக்கராக வேலை பார்த்தவர். சில்லறைக் கணக்கில் இரண்டொரு டாலர் உதைத்தால், மணிக்கணக்கில் தேடாமல் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டு நேர் செய்வாராம். இப்படிப்பட்டவர் கணக்கராக நீடிப்பது எவ்வாறு? நண்பர் ஒருவரோடு தொலைபேசியில் விளையாட்டாகப் பேசிய பேச்சுகளை வானொலிக்கு அனுப்பினார். நண்பர் விலகிய பின், எதிர்முனைக்குப் பேச ஆளில்லை. அவர் அந்த இல்லாமையையே தம் கலையாக்கிக்கொண்டார்: தொலைபேசியில் அவர் பேசுவது மட்டும் கேட்கும், மறுமுனையில் இருப்பவர் சொன்னது என்னவென்று கேட்போர் தாமே நிரப்பிக்கொண்டு சிரிப்பர்.

ஓர் இசைத்தட்டு நிறுவனம், "அடுத்து எந்த விடுதியில் நிகழ்ச்சி? அங்கு வந்து பதிவு செய்துகொள்கிறோம்" என்றது. அவரோ அதுவரை எந்த விடுதி மேடையிலும் ஏறியதில்லை! ஆகவே 1960 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரில் ஒரு மேடை தேடிக் கண்டுபிடித்தார்கள். அதில் பதிவான முதல் இசைத்தட்டே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆண்டின் சிறந்த இசைத்தட்டென்று கிராமி விருதும் பெற்றது. தயங்கித் தயங்கித் திக்கிப் பேசும் அவர் பேச்சு இறுதிவரை மாறவில்லை. அதுவே அவர் அடையாளமாயிற்று.

"இந்தக் கதையை நம்பி யாரும் வேலையை விடக்கூடாது சாமி" என்றும் அவனே எழுதியிருந்தான். ஸ்டீவ் மார்ட்டின் என்பவர் 2007-இல் வெளியிட்ட தம் வரலாற்றில், மேடையில் கழித்த பதினெட்டு ஆண்டுகளைப் பகுத்துக் காட்டுகிறாராம்: கற்றது பத்தாண்டு, செப்பனிட்டது நான்காண்டு, பெரும் புகழோடு இருந்தது நான்கே ஆண்டு. ஒரு குருவை உருவாக்கத் திருச்சபை எடுத்துக்கொள்ளும் காலத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தோம். அதிக வேறுபாடில்லை.

ஆகஸ்டு மாதம் ஒரு கூட்டத்தின் பொருட்டுச் சென்னை சென்றோம். அன்றிரவு அவன் பேசுகிறான் என்பது நினைவுக்கு வந்தது. சொல்லாமல் கொள்ளாமல், அங்கியின்றிச் சட்டையோடு போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தோம். முப்பது நாற்காலி இருக்கும். அவற்றுள் பாதியில் தம் முறைக்குக் காத்திருந்த பேச்சாளர்களே இருந்தனர். முதலில் ஏறிய ஓர் இளைஞன் ஒரு சிரிப்பையும் பெறாமல் இறங்கினான். அவன் நெற்றி வியர்வை நமக்குத் தெரிந்தது. புது நன்மைத் திருவிழாவன்று நாம் ஆற்றிய முதல் மறையுரை நினைவுக்கு வர, அவனுக்காகக் கைதட்டினோம்.

பிறகு நம் இளைஞன் வந்தான்.

"எங்க ஊர்ல எங்க அப்பா பேரு யாருக்கும் தெரியாது. நாலாந் தூண்னு கேட்டா வீட்டைக் காட்டுவாங்க."

அவை சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது.

"ஏன்னா, அப்பா மில்லுல நைட் ஷிஃப்ட். சங்கு ஊதி, எட்டுக் கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு, நேரா பூசைக்கு வருவாரு. வந்து நாலாவது தூண்ல சாஞ்சாருன்னா, அவ்வளவுதான். ஒருநாள் எங்க சாமியார் பிரசங்கத்துல சொன்னாரு..."

அவன் சொல்லத் தேவையிருக்கவில்லை. அதைச் சொன்னவர் நாமே.

2001-ஆம் ஆண்டு, திருநிலை பெற்று ஐந்தாம் ஆண்டு, பேச்சில் வல்லவர் என்று பெயரெடுத்த பெருமிதம். தூய பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருக்க, சன்னலில் அமர்ந்து கேட்ட இளைஞர் உறங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த நிகழ்ச்சியை (திப 20:9) எடுத்துரைத்தோம். "நம் பங்கில் அந்த அச்சமில்லை. நம்மவர் தரையிலேயே அமர்ந்து உறங்குகிறார். நான்காம் தூண் உள்ளவரை சாயவும் மாட்டார்" என்றோம். கோவில் முழுதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அச்சிரிப்பொலியில் அவர் விழித்துக்கொண்டார். எல்லோரும் சிரிப்பதைக் கண்டு, ஏனென்று அறியாமல், தாமும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு முதல் அவர் வரவில்லை. பக்தி குளிர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டோம். தேடிச் செல்லவில்லை. 2003-இல் வேறு பங்குக்கு மாற்றம் வந்தது.

மேடையில் இளைஞன் தொடர்ந்தான். "ஸ்கூல்ல என் பேரு அஞ்சாந் தூண். காலேஜ்ல புரொபசர் கேட்டாரு, ஜனநாயகத்தோட நாலாவது தூண் எது? நான் கையைத் தூக்கினேன். எங்க அப்பா சார்!" அவை குலுங்கியது. பின்புறமிருந்து விளக்குக் காட்டினார்கள். அவன் குரல் தாழ்ந்தது. "அன்னிக்குக் கோயிலே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். எட்டு வயசு. ஜோக் நல்லா இருந்துச்சு. எங்க அப்பாவும் சிரிச்சாரு. அவருக்கு மட்டுந்தான் அது என்ன ஜோக்குனு தெரியாது."

சிரிப்பு எழுந்தது, பாதியில் நின்றது. ஓர் அமைதிக்குப் பின்னரே கைதட்டல் வந்தது.

நகை தோன்றும் களங்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர், எள்ளலை முதலில் வைத்தார். அவ்வெள்ளலையும் உரையாசிரியர் இரண்டாக்குவர்: தான் பிறரை எள்ளுதலால் நகுதல் ஒன்று, பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் மற்றொன்று. குருமடத்தில் தமிழ்த் தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்தோம். அந்த இரண்டாவது நகை எப்படியிருக்கும் என்பதை 2001-இல் கண்ணால் கண்டும் உணரவில்லை. அதை உணர்த்த ஒரு காப்பிக் கடை மாடி தேவைப்பட்டது.

படியிறங்கி வந்தவன் நம்மைக் கண்டு வெலவெலத்தான். "சாமி! நீங்க வருவீங்கனு..." அவன் கையைப் பற்றிக்கொண்டோம். வெகுநேரம் சொல் எழவில்லை. பின்னர் ஒன்றுமட்டும் கேட்டோம்: "இதை அப்பா அறிவாரா?"

"அவர்கிட்டதான் சாமி முதல்ல பேசிக் காட்டினேன். வேண்டாம்னா விட்டுடுறேன்னேன். ரெண்டு நாள் ஒண்ணும் சொல்லல. அப்புறம் கூப்பிட்டு ஒரு திருத்தம் சொன்னாரு. மில்லு சங்கு ஆறு மணிக்கு இல்ல, அஞ்சே முக்காலுக்குனு."

அன்பர்களே, ஒரே நகைச்சுவைதான். அதே தூண்; அதே உறக்கம்; அதே மனிதர். ஒருவர் அதைப் பீடத்தின் உயரத்தில் நின்று, உறங்குகிறவரைக் கேளாமல் சொன்னார். மற்றவன் அவரெதிரே அமர்ந்து ஒப்புதல் பெற்று, சிரித்தவர் கூட்டத்தில் தன்னையும் நிறுத்திச் சொன்னான். அரிஸ்டாட்டில் காட்டிய மூவரில், நாம் யார் என்று அன்றுதான் அடையாளம் கண்டோம். இன்னுமொன்று: 'நாம் எல்லோரும் பாவிகள்' என்று பன்மையில் ஒளிந்துகொள்வது போதகர்க்கு எளிது. மேடை நகைச்சுவையாளனுக்கு அந்தப் புகலிடம் இல்லை. அவன் 'நான்' என்றே தொடங்க வேண்டும். இக்கட்டுரையையும் 'நாம்' என்றே எழுதி வந்திருக்கிறோம். பழக்கம் விடவில்லை.

செப்டம்பரில் அவ்வூருக்குச் சென்றோம். மில் மூடிப் பல ஆண்டாயிற்று. முன்தலை நரைத்த அம்மனிதர் திண்ணையில் இருந்தார். எழுந்து நின்று, நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். அம்மையார் காப்பி கொண்டுவந்தார். மகனைத் தடுக்கவில்லை என்னும் வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. பேச்சு மழை, விலைவாசி என்று சுற்றியது. முடிவில் நாம் சொல்ல வந்ததைச் சொன்னோம். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த தவற்றிற்கு மன்னிப்புக் கேட்டோம்.

அவர் நெடுநேரம் தெருவையே பார்த்திருந்தார். "தூங்கினது உண்மைதான சாமி" என்றார். பிறகு, "அந்தப் பேருதான் கொஞ்ச நாளு கஷ்டமா இருந்துச்சு" என்றார். அதன்பின், அந்த ஆண்டுகளில் பக்கத்துச் சிற்றாலயத்து மாலைத் திருப்பலிக்குத் தவறாமல் சென்று வந்ததையும் சொன்னார். தேடியிருந்தால் நமக்கும் தெரிந்திருக்கும்.

அவர் மன்னித்தாரா என்று கேட்கும் துணிவு நமக்கில்லை. ஆனால் விடைபெறும்போது வாசல்வரை உடன் வந்தார். அவர் முகத்தில் ஏதோ குறும்பு எட்டிப் பார்த்தது.

"இவன் ஊருக்கு வர்ற வாரத்துல, சனிக்கிழமை ராத்திரி மெட்ராஸ்ல பேசிட்டு அப்படியே பஸ் ஏறி, விடிஞ்சு வந்து இறங்கி, நேரா எட்டு மணிப் பூசைக்கு வர்றான் சாமி. வந்து எங்க சாஞ்சு தூங்குறான் தெரியுமா?"

தெரியும் என்றோம். இம்முறை, ஏனென்று அறிந்து, மூவரும் சிரித்தோம்.